யாருக்கும் வேண்டாத விமானத்தைத் தேடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: "கும்பகோணத்தில் இருக்கிறோம். நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் விமானத்தில் போவோம். ஒவ்வொரு தடவையும் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக்கொடுத்தால் அவர் எங்களைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். இந்த மே மாதம் டெல்லியில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி வாங்கு என்கிறார் ஒருவர், பிரவுசரில் தேடியது பதிவாகாத இன்காக்னிட்டோவில் தேடு என்கிறார் இன்னொருவர். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஏதாவது இருக்கிறதா?"

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் பதினெட்டு வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் போட்டவன் நான். இதே கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். ரகசியம் என்று ஒன்றும் இல்லை. அடிக்கடி பறக்கிறவர் பெரும்பாலும் கம்பெனிக் காசில் கடைசி நேரத்தில் வாங்குகிறவர். உங்களைவிட அதிகம் கொடுப்பவர் அவர்தான். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் புத்திசாலியாக இருந்திருக்க வேண்டியதில்லை, உங்களுக்கு முன்னால் வாங்கியிருப்பார், அவ்வளவுதான்.

விலை எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். ஏ320 விமானத்தில் 180 இருக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 180-க்கும் ஒரே விலை கிடையாது. உள்ளே அதைப் பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. கீழ்ப்படியில் கொஞ்சம் இருக்கை, அதற்கு மேல் கொஞ்சம், இப்படியே ஏறும். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படியின் விலை திரையில் வரும். உட்காரும் நாற்காலியும் குடிக்கும் தண்ணீரும் ஒன்றுதான். இதற்கென்றே விமான நிறுவனத்தில் ஆட்களும் கணினியும் உண்டு. விற்பனை மந்தமாக இருந்தால் கீழ்ப்படியை மறுபடி திறப்பார்கள், சூடாக இருந்தால் சட்டென்று மூடுவார்கள்.

இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு போனது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனம் புகுந்து விளையாட ஆரம்பித்தது. அதைச் சமாளிக்க 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வேலை செய்தது: எல்லா இருக்கையின் விலையையும் குறைக்காமல், எப்படியும் காலியாகப் போகும் என்று கணினி சொன்ன இருக்கைகளை மட்டும் அடிமட்ட விலைக்கு, முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு விற்றது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் கொஞ்ச காலத்தில் காணாமல் போனது. நம் ஊரில் 2003-ல் ஏர் டெக்கான் வந்து ஒரு ரூபாய் டிக்கெட் என்று விளம்பரம் செய்தது ஞாபகம் இருக்கும். அதுவும் இதே கணக்குத்தான். விமானம் முழுக்க ஒரு ரூபாய் இல்லை, சில இருக்கைகள் மட்டும்.

ஆக, திரையில் தெரியும் விலை உங்களைப் பார்த்துப் போட்டது இல்லை. அந்த விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, இன்னும் எவ்வளவு நிரம்பும் என்று நினைக்கிறார்கள் என்பதுதான் விலை. ஆகவே தேட வேண்டியது சலுகையை அல்ல, கூட்டம் விரும்பாத விமானத்தை. எப்போதாவது பயணம் செய்கிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: திங்கள் காலை பத்து மணி மீட்டிங் என்ற கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. அந்த வசதியை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் கவுன்ட்டரில் நான் கண்டது. தேதியையும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டு, லீவும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் வந்து "சார், குறைந்த விலையில் பாருங்க" என்பார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

படி விஷயத்தில் குடும்பத்தோடு போகிறவர்கள் அறியாமல் இழக்கும் காசு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் என்று போட்டுத் தேடுகிறீர்கள். கீழ்ப்படியில் இரண்டு இருக்கைதான் மிச்சம். கணினி என்ன செய்யும்? இரண்டு பேருக்குக் கீழ்ப்படி, இரண்டு பேருக்கு மேல்படி என்று பிரித்துத் தராது. நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் இருக்கும் படிக்கு ஏறி, நான்கு பேருக்கும் அந்த விலையைக் காட்டும். உதாரணமாக நான்கு பேருக்குத் தேடினால் ஆளுக்கு 6,300 ரூபாய், மொத்தம் 25,200 என்று வருகிறது. அதே விமானத்தை இரண்டு பேருக்குத் தேடிப் பார்த்தால் ஆளுக்கு 5,400. அப்படியானால் இரண்டு இரண்டாக வாங்கினால் 10,800-ம் 12,600-ம் சேர்ந்து 23,400. நாற்காலி அதுவேதான், 1,800 ரூபாய் மிச்சம். இணையத்தில் வாங்கும்போது ஏறும் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் பிடிப்பார்கள் என்பதால், பிரித்து வாங்குவதில் அந்த வகையில் நஷ்டம் இல்லை. எப்போதுமே இப்படி வித்தியாசம் வரும் என்று சொல்லவில்லை. முதலில் ஒருவருக்கு, பிறகு இரண்டு பேருக்கு, கடைசியில் நான்கு பேருக்கு என்று தேடிப் பார்க்க மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

பிரித்து வாங்கும்போது ஒரு பெரியவரோடு ஒரு பிள்ளை என்று ஜோடி சேர்த்து வாங்குங்கள். அம்மா அப்பா ஒரு பி.என்.ஆரிலும் பிள்ளைகள் இன்னொன்றிலும் இருக்கவே கூடாது. 12 வயது வரையான பிள்ளைக்கு, ஒரே பி.என்.ஆரில் இருக்கும் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. ஜோடியாக இருந்தால் இருக்கைக்கென்று தனிக் காசு கொடுக்காமலே இரண்டு பிள்ளைகளும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு குறையும் உண்டு: விமானம் ரத்தாகி வேறு விமானத்துக்கு மாற்றினால், இரண்டு பி.என்.ஆரும் ஒரே குடும்பம் என்று கணினிக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். எந்தக் கிழமையில் வாங்குகிறீர்கள் என்பதற்கும் விலைக்கும் இன்றைக்குச் சம்பந்தம் இல்லை. எந்தக் கிழமையில் பறக்கிறீர்கள் என்பதற்கு நிறையவே சம்பந்தம் உண்டு. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை, திங்கள் காலை இந்த மூன்றும் ஆபீஸ்காரர்களும் வார இறுதிக்காரர்களும் அடித்துப் பிடிக்கும் நேரம். செவ்வாய், புதன், சனி மதியம் காற்று வாங்கும். இரண்டையும் யாரோ குழப்பிவிட்டிருக்கிறார்கள்.

இன்காக்னிட்டோ கதையும் அப்படித்தான். "மூணு தடவை பார்த்தேன், நாலாவது தடவை ஏத்திட்டான்" என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. நடப்பது வேறு. தேடல் தளங்கள் பழைய விலையைக் கொஞ்ச நேரம் சேமித்து வைத்துக் காட்டும், சொடுக்கியதும்தான் உண்மை விலை வரும். அல்லது இடையில் வேறு யாரோ வாங்கி அந்தப் படி தீர்ந்திருக்கும். பணம் கட்டும் பக்கம் வரை யாராவது போய் நின்றால் அந்த இருக்கை சில நிமிடம் பிடித்து வைக்கப்படுவதும் உண்டு. சமயத்தில் அந்த ஆள் நீங்களேதான். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய விலை திரும்ப வந்திருக்கும். இன்காக்னிட்டோவில் தேடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிக்கொண்டு தேதியை மாற்றிப் பார்க்காமல் விடுவதுதான் கெடுதல்.

எவ்வளவு முன்னால் வாங்க வேண்டும்? என் அனுபவத்தில் உள்நாட்டுக்குச் சாதாரண நாட்களில் ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் முன்பு போதும். ஆறு மாதம் முன்பே வாங்கினால் இன்னும் மலிவு என்று இல்லை. அப்போது கீழ்ப்படிகளை இன்னும் திறக்காமலும் இருப்பார்கள், உங்கள் திட்டம் மாறுவதற்கு வாய்ப்பும் அதிகம். கடைசி இரண்டு வாரத்தில் விலை ஏறும், கடைசி மூன்று நாளில் எகிறும். கடைசி நேரத்தில் காலி இருக்கையைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள் என்று காத்திருப்பது சந்தைக் கடைசியில் கத்தரிக்காய் வாங்குகிற கணக்கு. விமானத்தில் அது பலிக்காது. கடைசி நேரத்தில் வருகிறவர் சாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசர வேலைக்கோ போகிறவர், என்ன விலை சொன்னாலும் கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளி, பொங்கல், டிசம்பர் கடைசி வாரம், ஏப்ரல்–மே பள்ளி விடுமுறை ஆகியவற்றுக்கு மட்டும் மூன்று மாதம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். வளைகுடா, சிங்கப்பூர், அமெரிக்கா என்றால் சீசனுக்கு நாலைந்து மாதம்.

கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் சென்னையிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போகிற விமானத்தில் விலை கேட்டால் தலைசுற்றும். அதே நாள் மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் பாதி காலியாகக்கூட வரும், ஏனென்றால் அது திரும்பி வந்தால்தான் அடுத்த நடை அடிக்க முடியும். ஜூன், ஜூலையில் வளைகுடாப் பள்ளிகள் மூடும்போது துபாயிலிருந்து இங்கே வருவது எக்கச்சக்க விலை, இங்கிருந்து அங்கே போவது மலிவு. சென்னையில் இருக்கும் மகனைப் பார்க்க ஊரிலிருந்து பெரியவர்கள் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கிளம்பினால், மகன் குடும்பம் ஊருக்கு வருவதற்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. பாட்டி தாத்தா இதற்குச் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.

சிறிய ஊருக்குச் சிறிய விமானம். ஏ.டி.ஆர். 72 ரகத்தில் மொத்தமே எழுபது, எண்பது இருக்கைக்குள்தான். அதில் கீழ்ப்படிக்கு ஒதுக்குவது கைவிரல் விட்டு எண்ணும் அளவு. அந்த மாதிரித் தடத்தில் தள்ளிப்போடவே கூடாது. சென்னை–டெல்லி மாதிரித் தடத்தில் காலையிலிருந்து நள்ளிரவு வரை பெரிய விமானங்கள் வரிசையாக ஓடுகின்றன, மூன்று நான்கு நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. போட்டி இருக்கும் தடத்தில்தான் விலை அடங்கும். அதனால் வீட்டுக்கு அருகிலிருக்கும் விமான நிலையம்தான் மலிவு என்று கிடையாது. நாகர்கோவில்காரர் திருவனந்தபுரத்தையும், கோயம்புத்தூர்காரர் வளைகுடாவுக்குக் கொச்சியையும், கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூரையும் சேர்த்தே தேட வேண்டும். போய்ச் சேரும் இடத்திலும் அப்படியே. கோவாவில் டபோலிம், மோப்பா என்று இரண்டு விமான நிலையம் இருக்கிறது, ஒன்று தெற்குக்குப் பக்கம், மற்றொன்று வடக்கு எல்லையில். விலையை மட்டும் பார்த்துத் தவறானதில் இறங்கினால் மிச்சம் பிடித்ததை டாக்ஸிக்காரர் வாங்கிக்கொள்வார்.

டாக்ஸி என்றதும் ஞாபகம் வருகிறது. விடிகாலை ஐந்து மணி விமானம் மலிவாக இருக்கும். சென்னையில் அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது, இரண்டரை மணிக்கு டாக்ஸி பிடிக்க வேண்டும். நகரத்தின் மறுகோடியில் இருப்பவருக்கு அதற்கே எழுநூறு, எண்ணூறு ஆகும். ஏழரை மணி விமானம் ஆளுக்கு இருநூறு ரூபாய் கூட என்றாலும், தனியாகப் போகிறவருக்கு அதுதான் லாபம். நான்கு பேராகப் போனால் கணக்கு மாறும். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் யாரும் "மலிவாக வாங்கினேன்" என்று சொல்லக்கூடாது என்பேன்.

தேடுவதற்கு கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டே போதும். கூகுளில் தேதிப் பெட்டியைத் திறந்தால் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் கீழே விலை தெரியும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த நாளில் பள்ளம், எந்த நாளில் மேடு என்று ஒரு பார்வையில் பிடிபடும். விலையைக் கண்காணிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் ஏறினாலும் இறங்கினாலும் மெயில் வரும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தேடி ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தத் தளங்கள் டிக்கெட் விற்பதில்லை, விற்கிறவரிடம் அனுப்பிவைக்கும். அந்தப் பட்டியலில் இருநூறு ரூபாய் குறைவாகக் கேள்விப்படாத பெயர் ஒன்று நிற்கும். அங்கே போகாதீர்கள். விமானம் ரத்தானாலோ பெயரில் பிழை வந்தாலோ விமான நிறுவனம் "வாங்கின இடத்தில் கேளுங்கள்" என்று சொல்லும், வாங்கின இடத்தில் ஃபோன் எடுக்க ஆள் இருக்காது. எண் தேடி கூகுளில் போட்டால் போலி வாடிக்கையாளர் சேவை எண் வந்து நிற்கும், அது இன்னொரு வம்பு.

விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதே என் பரிந்துரை. பெரிய பயணத் தளங்களில் வங்கி அட்டைச் சலுகை வரும்போது மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்து விலையைத்தான் ஒப்பிட வேண்டும், முதல் பக்கத்து விலையை இல்லை. இடையில் ஆளுக்கு இவ்வளவு என்று கன்வீனியன்ஸ் கட்டணம் ஏறும். காப்பீடு, சாப்பாடு, முதலில் பெட்டி எடுத்துத் தரும் சேவை, நன்கொடை என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். கேட்காமலே கூடையில் பொருளைப் போடுவது, "இன்னும் ரெண்டு சீட்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, "என் பயணத்தைப் பாதுகாக்க விரும்பவில்லை" என்று சொல்ல வைத்துக் கூச்சப்படுத்துவது போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள், ஒவ்வொரு பக்கத்திலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைப் படம் வரும் பக்கத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பது போல் இருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் "தவிர்" என்று இருக்கும், அதை அழுத்துங்கள். செக்-இன் சமயத்தில் அவர்களே ஓர் இடம் கொடுப்பார்கள்.

இனி லக்கேஜ். எப்போதாவது பறக்கிறவர்கள் உண்மையில் காசை விடுவது இங்கேதான். ஒரு பெரியவரும் அவர் மனைவியும் புனேவில் மகள் வளைகாப்புக்குப் போக என்னிடம் டிக்கெட் போட்டார்கள். இரண்டு நிறுவனத்துக்கும் நானூறு ரூபாய் வித்தியாசம், அரை மணி நேரம் யோசித்துக் குறைந்ததை எடுத்தார்கள். விமான நிலையத்தில் எடை மேடையில் பெரியவர் பெட்டி 22 கிலோ. முறுக்கு, அதிரசம், ஐந்து கிலோ உளுந்து, இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு. அனுமதி 15 கிலோ. மேலதிக ஏழு கிலோவுக்கு, கிலோ ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வைத்துத் தீட்டிவிட்டார்கள். அந்தக் காசுக்குப் புனேயிலேயே மூட்டை உளுந்து வாங்கியிருக்கலாம் என்று ஊருக்கு வந்ததும் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அம்மாவின் பெட்டி 11 கிலோதான் இருந்ததாம்! நாலு கிலோவை அதில் மாற்றியிருந்தாலே பாதிக்கு மேல் மிச்சம். வரிசையில் நிற்கும் பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

உள்நாட்டில் பொதுவாகக் கவுன்ட்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டி 15 கிலோ, கையில் ஒரு பை 7 கிலோ. லக்கேஜே இல்லாத மலிவுக் கட்டணமும் இப்போது விற்கிறார்கள், வாங்கும்போது அந்த வரியைப் படியுங்கள். வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்து, கூடும் என்றால் முன்கூட்டியே தளத்தில் கிலோ வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் கொடுப்பதைவிடக் குறைவு. அப்புறம் கொப்பரைத் தேங்காய் எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

இன்னொரு செலவு நம் இனிஷியலால் வருவது. வடக்கத்திப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கோ ஒரே பெயர், முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்து. சிலர் இனிஷியலை முதல் பெயரில் போடுவார்கள், சிலர் ஊர்ப் பெயரைப் போடுவார்கள், சிலர் மனைவிக்குத் தன் பெயரைப் போட்டுவிடுவார்கள், அடையாள அட்டையில் அவருக்கு அப்பா பெயர் இருக்கும். உள்நாட்டுக்குக் கையில் எடுத்துப் போகப்போகும் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பெயர் முதல் கட்டத்திலும், இனிஷியலின் விரிவு கடைசிக் கட்டத்திலும் வருமாறு எழுதுங்கள். வெளிநாட்டுக்கு பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி, ஓர் எழுத்து மாறக்கூடாது. விமான நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கி, பெயர்ப் பிழையை 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால் காசு வாங்காமல் திருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. வாங்கிய அன்று ராத்திரியே டிக்கெட்டை மனைவியிடம் கொடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

அதே மாதிரி இன்னொரு விதி, பலருக்குத் தெரியாது. பயணத்துக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் இருக்கும்போது நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம் என்று டி.ஜி.சி.ஏ. விதி பல வருடமாக இருந்து வந்தது. அதை 48 மணி நேரமாக்குவதற்கு 2025 நவம்பரில் வரைவு வெளியிட்டார்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு வேறு நாள்கணக்கும் அதில் பேசப்பட்டது. எனவே வாங்கும் நாளில் நிறுவனத்தின் தளத்தில் நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் பயன் என்னவென்றால், நல்ல விலை கண்ணில் பட்டால் வாங்கிவிட்டு அப்புறம் வீட்டில் கலந்து பேசலாம். நம் வீடுகளில் வழக்கம் நேர்மாறு: பேசி முடிப்பதற்குள் படி ஏறிவிடும்.

போக முடியாமல் போன டிக்கெட்டையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். "நான்-ரீஃபண்டபிள்" என்று போட்டிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் போன்றவற்றையும் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. கேட்டால்தான் தருவார்கள். பணமாக வேண்டுமா, அடுத்த பயணத்துக்கு வரவு வைக்க வேண்டுமா என்பதும் உங்கள் விருப்பம்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகிறவர் வரவு வைத்து என்ன செய்யப் போகிறார்? பணமாகவே கேளுங்கள். இழுத்தடித்தால் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம், 1915 நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

வெளிநாட்டைப் பற்றி இரண்டே விஷயம். உள்நாட்டில் போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்று தனித்தனியாக வாங்கினால் நஷ்டமில்லை. வெளிநாட்டுக்குப் பெரிய நிறுவனங்களில் போக வரச் சேர்த்து வாங்குவது பெரும்பாலும் மலிவு. ஆனால் அந்த டிக்கெட்டில் போகிற பகுதியில் ஏறாமல் விட்டால் வருகிற பகுதியும் ரத்தாகும். "போறதுக்கு வேற வழியில போயிட்டேன், வர்றதுக்கு இது இருக்கேன்னு நெனச்சேன்" என்று விமான நிலையத்திலிருந்து எனக்கு ஃபோன் வந்திருக்கிறது. இரண்டாவது, இரண்டு நிறுவன டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி நடுவில் மாறுவது. கோலாலம்பூரில் ஏர் ஏசியா இரண்டாவது டெர்மினலில் நிற்கும், மற்றவை பல முதல் டெர்மினலில். குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வந்து, பெட்டி எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான். வயதான அப்பா அம்மாவை மட்டும் இப்படி அனுப்பாதீர்கள், எத்தனை ஆயிரம் மிச்சமானாலும் சரி.

ஊர் டிராவல்ஸ் இன்னும் எதற்கு என்று கேட்கலாம். என் பழைய தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை, சில தடத்தில் அவர்களுக்கு உண்மையாகவே குறைந்த விலை கிடைக்கும். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா சீசன் தேதிகளில் மொத்தமாக இருக்கைகளை முன்பே பிடித்து வைத்திருப்பார்கள். தேதி நெருங்க நெருங்கத் தங்கிப்போன இருக்கையை அடக்க விலைக்கே தருவார்கள். அந்த டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பாது. டிக்கெட் வாங்கியதும் வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை நம்பி இருக்காமல், பி.என்.ஆரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனம் என்றால் 13 இலக்க டிக்கெட் எண்ணும் இருக்க வேண்டும். ஏர் இந்தியா 098 என்றும், எமிரேட்ஸ் 176 என்றும், ஸ்ரீலங்கன் 603 என்றும் தொடங்கும். பி.என்.ஆர். இருந்து டிக்கெட் எண் இல்லை என்றால் இடத்தைப் பிடித்து மட்டும் வைத்திருக்கிறார், இன்னும் பணம் கட்டவில்லை என்று அர்த்தம்.

இப்போது உங்கள் டெல்லி. திருச்சி விலையையும் பாருங்கள், ஆனால் சென்னை–டெல்லிதான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி கும்பகோணத்தில் ஏறினால் விடிவதற்கு முன் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எதிரே விமான நிலையம். ரயில் தாமதத்துக்கு இடம் விட்டு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். ஆபீஸ்காரர்கள் ஆறு, ஏழு மணியைத்தான் விரும்புவார்கள் என்பதால் முற்பகலும் மதியமும் உங்களுக்குத் தோதாகவே அமையும். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் போகிற கூட்டம், பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் திரும்புகிற கூட்டம். மே இரண்டாவது வாரத்தில் செவ்வாயோ புதனோ போய், 25-ம் தேதிக்குள் ஒரு நடு வாரத்தில் திரும்புவது போல் நாட்காட்டியில் பாருங்கள். திரும்பும்போது சென்னையில் மாலை ஆறு மணிக்குள் இறங்கினால் அதே உழவனை நிதானமாகப் பிடிக்கலாம். ரயிலுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும், விமானத்தை முடித்துவிட்டு அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் உழவனில் இடம் கிடைப்பதுதான் விமானத்தைவிடக் கஷ்டம்.

அக்காவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோவதாக இருந்தால் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். காபித்தூள் கையிலேயே போகலாம்.